சரளைக் குவாரியின் நிலச் சீரமைப்புத் திட்டமும் அதன் பரிசீலனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரளைக் குவாரிகளின் நிலச் சீரமைப்புத் திட்டங்களைப் படித்துப் பரிசீலிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள், பக்கத்து நிலத்துக்காரர்கள், குவாரி நடத்துபவர்கள், புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் என யார் வந்து உட்கார்ந்தாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். மண்ணும் நீரும் சரிவும் எங்கும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். ஆகவே பதில்கள் பொதுவானவை. குறிப்பிட்ட சட்டம் ஒன்றைச் சொல்லும் இடத்தில் மட்டும் அது எந்த நாட்டுடையது என்று எழுதியிருக்கிறேன்.

1. சீரமைப்பு என்றால் தோண்டிய குழியைத் திரும்ப மூடுவதுதானே?

பெரும்பாலான சரளைக் குவாரிகளில் அப்படிச் செய்ய முடியாது. வெட்டி எடுத்த சரளை லாரியில் ஏறிச் சாலைக்கும் கட்டடத்துக்கும் போய்விட்டது. குழியை நிரப்ப மிச்சமிருப்பது சரளைக்கு மேலே கிடந்த மண்ணும், சலித்துக் கழுவியபோது ஒதுங்கிய வண்டலும் மட்டுமே. ஆகவே சீரமைப்பு என்பது நிலத்தைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவதைக் குறிப்பதில்லை. தோண்டியபின் மிஞ்சும் நிலம் சரியாமல், அரிக்காமல், நீரைக் கெடுக்காமல், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரு பயனுக்கு ஏற்றதாக இருக்கச் செய்வதையே அது குறிக்கிறது.

அந்தப் பயன் தாழ்ந்த மட்டத்தில் அமையும் விளைநிலமாக இருக்கலாம். மேய்ச்சல் நிலமாகவோ, காடாகவோ, நீர்நிலையாகவோ, கட்டுமானத்துக்கான மனையாகவோ இருக்கலாம். எது என்பதைத் திட்டமே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "பின்னர் முடிவு செய்யப்படும்" என்று எழுதிய திட்டத்தைப் பரிசீலிக்கவே முடியாது, ஏனெனில் சாய்வு, மண்ணின் கனம், வடிகால் ஆகிய எல்லாமே அந்த ஒரு முடிவிலிருந்துதான் பிறக்கின்றன.

2. குவாரி இன்னும் தொடங்கவே இல்லை. மூடுவதைப் பற்றி இப்போதே எதற்குப் பேச வேண்டும்?

ஏனென்றால் சீரமைப்பின் முதல் வேலை குவாரியின் முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. பொக்லைன் முதலில் வழிப்பது மேல்மண்ணை. அதை எங்கே, எப்படிக் குவித்தார்கள் என்பதில் இருபது ஆண்டு கழித்து அங்கே புல் முளைக்குமா என்பது பாதி தீர்மானமாகிவிடும். எல்லைக்கு எவ்வளவு அருகில் வெட்டுவது என்பதும் இப்படித்தான்: எல்லைவரை செங்குத்தாக வெட்டிவிட்டால், பிறகு சாய்வு அமைக்க இடம் இருக்காது.

இன்னொரு காரணம் பணம். சரளை விற்றுக்கொண்டிருக்கும் வரை நிறுவனத்திடம் பணமும் இயந்திரமும் ஆட்களும் இருக்கும். கடைசி லாரி போனபின் அந்த நிலத்திலிருந்து வருமானம் கிடையாது. செலவு மட்டுமே மிச்சம். வருமானம் இருக்கும்போதே கடமையை எழுதி வாங்கிக்கொள்வதுதான் இந்தச் சட்டங்கள் அனைத்துக்கும் அடிப்படை.

3. இதை யார் பரிசீலிக்கிறார்கள்? ஒரே அலுவலகமா?

அநேகமாக எங்கும் ஒரே அலுவலகம் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், 1975-ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சுரங்க மற்றும் சீரமைப்புச் சட்டத்தின்படி, மாவட்ட அல்லது நகர நிர்வாகம்தான் திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறது. மாநிலத் துறை அதைப் படித்துக் கருத்துரைக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஜல்லி, சரளை, மணல் ஆகியவற்றுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் இது நில உபயோகத் திட்டமிடல் அனுமதியின் நிபந்தனையாக வருகிறது.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம், சரளையைச் சிறு கனிமம் என்று 3-ஆம் பிரிவிலேயே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சிறு கனிமங்களுக்கு விதி செய்யும் அதிகாரத்தை 15-ஆம் பிரிவு மாநிலங்களுக்குக் கொடுக்கிறது. தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டுச் சிறு கனிமச் சலுகை விதிகள் அந்த வழியில் வந்தவை. 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் சொன்னபின், சிறு குவாரிகளும் அந்தப் பரிசீலனைக்குள் வந்தன.

4. கட்டுக்கட்டாகக் காகிதம் இருக்கிறது. நீங்கள் முதலில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பீர்கள்?

முன்னுரையைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் பார்ப்பது மூன்று: இப்போதைய நிலத்தின் சமவுயரக் கோட்டு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) வரைபடம், இறுதி நிலத்தின் சமவுயரக் கோட்டு வரைபடம், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் குறுக்குவெட்டுப் படங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் மண் கணக்கை வைத்துக்கொள்வேன்.

ஓர் எடுத்துக்காட்டு. 8 ஹெக்டேர் நிலத்தில் 30 சென்டிமீட்டர் கனத்துக்கு மேல்மண் வழிக்கப்படும் என்று ஒரு பக்கம் சொல்கிறது. அதாவது 24,000 கன மீட்டர். குவியல் 3 மீட்டர் உயரத்தைத் தாண்டாது என்று இன்னொரு பக்கம் சொல்கிறது. வரைபடத்தில் குவியலுக்கென்று ஒதுக்கிய இடம் 2,000 சதுர மீட்டர். பக்கங்கள் செங்குத்தாக நின்றாலும் அங்கே 6,000 கன மீட்டருக்கு மேல் கொள்ளாது. மீதி 18,000 கன மீட்டர் எங்கே போகும்? கட்டம் கட்டமாக வேலை நடக்கும், வழித்த மண் உடனுக்குடன் பழைய கட்டத்தில் பரப்பப்படும் என்பது பதிலாக இருக்கலாம். அப்படியானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மண் விற்கப்படும், அல்லது சரளையோடு கலந்துவிடும்.

பரிசீலனையின் பெரும்பகுதி இப்படிப்பட்ட எளிய பெருக்கல் கணக்குதான். ஒரு பக்கம் சொல்வதை இன்னொரு பக்கம் தாங்குகிறதா என்று பார்ப்பது. அதோடு நான் எப்போதும் மனத்தில் வைத்துக்கொள்ளும் ஒரு கேள்வியும் உண்டு: நம் யாரையும் அறியாத ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பிறகு இந்தக் காகிதத்தையும் ஓர் அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு குழிக்குப் போனால், திட்டப்படி வேலை நடந்ததா இல்லையா என்று அவரால் சொல்ல முடியுமா? "போதிய கனத்துக்கு மண் பரப்பப்படும்" என்றால் முடியாது. "30 சென்டிமீட்டர் மேல்மண், அதன்கீழ் 70 சென்டிமீட்டர் அடிமண்" என்றால் முடியும்.

5. திட்டம் கொடுத்து மாதங்கள் ஆகின்றன. திரும்பத் திரும்பக் கேள்வி அனுப்புகிறார்களே?

பரிசீலனையில் இரண்டு படிகள் உண்டு. தேவையான படங்களும் ஆவணங்களும் எல்லாம் இருக்கின்றனவா என்பது முதல் படி. உள்ளே இருப்பது சரியா என்பது இரண்டாம் படி. முதல் படியில் "முழுமையானது" என்று கடிதம் வந்தால் பலர் அதை ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டு, அடுத்த கடிதத்தைக் கண்டு கோபப்படுகிறார்கள். தாமதத்துக்கு நான் பார்த்த பொதுவான காரணம், ஒரு படத்தைத் திருத்திவிட்டு அதைச் சார்ந்த அட்டவணையையும் செலவுக் கணக்கையும் திருத்தாமல் அனுப்புவது. அப்போது பழைய கேள்வி தீரும். புதிதாக இரண்டு முளைக்கும்.

6. மேல்மண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? மண் எங்கும் கிடைக்குமே!

எங்கும் கிடைப்பது மண். அந்த இடத்தின் மேல்மண் அங்கே மட்டும்தான் கிடைக்கும். அதில் மட்கிய இலைதழை இருக்கிறது, அந்த நிலத்துக்குப் பழகிய விதைகள் இருக்கின்றன, வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகள் இருக்கின்றன. உயரமாகக் குவித்து ஆண்டுக்கணக்கில் வைத்தால் உட்பகுதிக்குக் காற்று போகாது; உயிர்கள் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் மேல்மண் குவியலைச் சுமார் 3 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது, அடிமண்ணோடு கலக்கக்கூடாது, மேலே புல் விதைத்து மூட வேண்டும், லாரி ஏறக்கூடாது என்றெல்லாம் நிபந்தனை போடுகிறோம். குவியலுக்குப் பெயர்ப்பலகை வைக்கச் சொல்வதைச் சிலர் சிறுபிள்ளைத்தனமாக நினைக்கிறார்கள். மேலாளர் மாறியபின் வரும் புதியவர் அதைச் சும்மா கிடக்கும் மண் என்று நினைத்து லாரியில் ஏற்றிவிடாமல் தடுப்பது அந்தப் பலகைதான்.

ஈரமும் முக்கியம். ஈரமண்ணை இயந்திரத்தால் அள்ளினால் அதன் துளைகள் நசுங்கிவிடும். பிறகு எவ்வளவு உழுதாலும் பழைய பொலபொலப்பு வராது. களத்தில் இதைப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது: ஒரு பிடி மண்ணை எடுத்து வழவழப்பான ஓட்டின்மேல் விரல்களால் உருட்ட வேண்டும். உடையாமல் 3 மில்லிமீட்டர் கனமுள்ள திரியாக அது உருண்டால் அன்று அந்த மண்ணைத் தொடக்கூடாது. உதிர்ந்து உடைந்தால் வேலையைத் தொடங்கலாம். இந்தச் சோதனையை யார் செய்வார், எங்கே பதிவு செய்வார் என்று எழுதியிருக்கும் திட்டத்தை நான் கூடுதல் நம்பிக்கையோடு படிப்பேன்.

7. "சாய்வு மூன்றுக்கு ஒன்று" என்கிறார்கள். அதனால் என்ன வித்தியாசம் வந்துவிடப்போகிறது?

ஒரு மீட்டர் இறங்குவதற்குக் கிடையாக மூன்று மீட்டர் போக வேண்டும் என்பது பொருள். சுமார் 18 பாகை. ஒன்டாரியோவில் சரளை, மணல் குழிகளின் ஓரங்களுக்கு இறுதிச் சாய்வாக இதுவே வழக்கமான விதி. கலிஃபோர்னியாவில் நிரப்பிய மண்ணின் சாய்வு இரண்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. அதை மீற வேண்டுமானால் அந்த இடத்துக்கென்றே செய்த பொறியியல் ஆய்வு வேண்டும். தளர்ந்த சரளை தானாக நிற்கும் கோணம் 30 பாகைக்குச் சற்று மேல். அந்தக் கோணத்திலேயே விட்டுவிட்டால் சரிவு நிற்கும். ஆனால் மேல்மண் தங்காது, செடி பிடிக்காது, ஒவ்வொரு மழையிலும் வாய்க்கால் அரிக்கும்.

வித்தியாசம் எவ்வளவு என்பதைக் கணக்கில் பார்க்கலாம். 10 மீட்டர் ஆழமுள்ள செங்குத்துச் சுவரை வெட்டி முடித்துவிட்டு, பிறகு மண் கொட்டி மூன்றுக்கு ஒன்று சாய்வு அமைப்பதென்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 150 கன மீட்டர் மண் வேண்டும். 400 மீட்டர் நீளச் சுவருக்கு 60,000 கன மீட்டர். ஒரு டிப்பர் 10 கன மீட்டர் கொள்ளும் என்றால் 6,000 நடை. இந்த மண் எங்கிருந்து வரும் என்று திட்டத்தில் இல்லையென்றால், அந்தச் சாய்வு வரைபடத்தில் மட்டுமே இருக்கும்.

இதற்கு மாற்றும் உண்டு. அனுமதிக்கப்பட்ட வெட்டு எல்லைக்கு 15 மீட்டர் முன்பே வெட்டை நிறுத்திக்கொண்டு, மேல்பாதியைச் சீவிக் கீழ்ப்பாதியில் தள்ளினால், மீட்டருக்கு 37.5 கன மீட்டர் சீவலும் அதே அளவு நிரப்பலுமாகக் கணக்கு நேராகிவிடும். வெளியிலிருந்து மண்ணே வேண்டாம். அந்த 15 மீட்டர் பட்டையில் உள்ள சரளையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதால் நிறுவனங்கள் தயங்குகின்றன. அந்தப் பட்டையை முதலிலேயே வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டச் சொல்வது பரிசீலனையாளரின் வேலை.

8. மண் போதவில்லை என்றால் வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்பலாமே?

நிரப்பலாம். ஆனால் அப்போது குவாரி, கழிவு கொட்டும் இடமாக மாறும் அபாயம் தொடங்குகிறது. சரளை படிவு நீரை எளிதில் கடத்தும். அதில் கொட்டிய எதுவும் விரைவில் பக்கத்துக் கிணற்றுக்குப் போய்விடும். ஆகவே தூய தோண்டுமண், நீரில் கரையாத கற்கள் போன்ற, நீரைக் கெடுக்காத மந்தப் பொருள்களை மட்டுமே அனுமதிப்பார்கள். பல நாடுகளில் அதற்குத் தனி அனுமதியும் வேண்டும். எங்கிருந்து வருகிறது, ஒவ்வொரு நடையையும் யார் பார்த்து ஏற்பது, சந்தேகமானதை எங்கே ஒதுக்குவது, எத்தனை நடைக்கு ஒரு மாதிரி சோதனைக்குப் போகும் என்பவை திட்டத்தில் இருக்க வேண்டும். வெளிமண் வராமலே போய்விட்டால் நிலம் எந்த வடிவில் விடப்படும் என்ற மாற்று வரைபடத்தையும் நான் கேட்பேன்.

9. நீர் ஊறிவிட்டது. ஏரியாக விட்டுவிட்டால் மீனும் பறவையும் வருமே, அதுவே சீரமைப்பு ஆகாதா?

ஆகலாம், நன்றாகவே ஆகலாம். இங்கிலாந்தின் கோட்ஸ்வோல்டு நீர்ப்பூங்காவில் 150-க்கும் மேற்பட்ட ஏரிகள் சரளை எடுத்த குழிகளிலிருந்து உருவானவை. நாட்டிங்ஹாம் அருகே ஆட்டன்பரோ பறவை வாழிடமும் அப்படியே. ஆனால் செங்குத்துச் சுவரும் ஆழமான நீரும் உள்ள குழி பறவைகளுக்கு அவ்வளவாகப் பயன்படாது. தவறி விழுந்தவர் ஏறி வரவும் முடியாது. கரையோரம் ஆழமற்ற திட்டுகளும், வளைந்து நெளிந்த கரையும், நாணல் வளரும் மேடைகளும் வேண்டும். நீர் நிரம்பியபின் இவற்றை அமைப்பது மிகவும் கடினம் என்பதால், வெட்டும்போதே அமைக்க வேண்டும்.

அடுத்து நிலத்தடி நீர். நிலத்தடி நீர்மட்டம் மெல்லிய சரிவில் ஓடிக்கொண்டிருக்கும். ஏரியின் நீர்மட்டமோ தட்டையானது. 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரியும் இடத்தில், அந்தச் சரிவின் திசையில் 400 மீட்டர் நீள ஏரி உருவானால், மேற்பக்கத்தில் நீர்மட்டம் சுமார் 1 மீட்டர் தாழவும் கீழ்ப்பக்கத்தில் சுமார் 1 மீட்டர் உயரவும் கூடும். மேற்பக்கத்துக் கிணறு வற்றுகிறது, கீழ்ப்பக்கத்து வயலில் நீர் ஊறுகிறது என்ற இரண்டு புகாரும் ஒரே ஏரியால் வரலாம். கழுவுநீர் வண்டலைக் கீழ்க்கரையில் கொட்டினால் அது அடைத்துக்கொண்டு உயர்வை இன்னும் கூட்டும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, எல்லாப் பருவங்களிலும் நீர்மட்டத்தை அளந்திருக்க வேண்டும்.

வறண்ட இடங்களில் ஆவியாதலும் ஒரு நீர் இழப்புதான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 1980 டிசம்பர் 31-க்குப் பிறகு நிலத்தடி நீரைத் திறந்துவிட்ட சரளைக் குழிகள், ஆவியாகும் நீருக்கு ஈடாக ஓடைக்கு வேறு நீர் கொடுக்கும் திட்டத்தை வைத்திருக்க வேண்டும். குழி மூடப்பட்டபின்னும் அந்தக் கடமை தொடரும். விமான நிலையத்துக்கு அருகே இருந்தால் பறவை வருவதே ஆபத்து. இங்கிலாந்தில் 13 கிலோமீட்டர் தூரத்துக்குள் இதுபற்றி விமான நிலையத்தைக் கலந்தாலோசிக்கிறார்கள்.

10. குழி ஆற்றின் பக்கத்து மேட்டில்தான் இருக்கிறது, ஆற்றுக்குள் இல்லை. பிறகென்ன?

ஆறு தன் இடத்திலேயே இருக்கும் என்று எடுத்துக்கொண்டால் கவலையில்லை. ஆனால் அங்கே சரளை படிந்திருப்பதே ஆறு ஒரு காலத்தில் அந்த இடத்தில் ஓடியது என்பதற்குச் சாட்சி. பெருவெள்ளத்தில் ஆறு இடைக்கரையை, அதாவது ஆற்றுக்கும் குழிக்கும் நடுவே விட்ட நிலப்பட்டையை, உடைத்துக் குழிக்குள் பாய்ந்துவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஈஸ்ட் ஃபோர்க் லூயிஸ் ஆறு 1996-இல் இப்படிப் பழைய சரளைக் குழிகளுக்குள் புகுந்து, தன் பழைய போக்கை விட்டது. குழி ஆற்றின் வண்டலையும் சரளையையும் விழுங்கிக்கொள்ளும். மேல்புறத்தில் ஆற்றுப்படுகை அரித்துக்கொண்டே பின்னோக்கிப் போகும். பாலத்தின் தூண் அங்கே இருந்தால் அதற்கும் ஆபத்து.

ஆகவே இடைக்கரையின் அகலம், குழியின் அடிமட்டம் ஆற்றுப்படுகையைவிட எவ்வளவு தாழ்வு, வெள்ளநீர் உள்ளே வந்து வெளியேறக் கல் பதித்த வழி உண்டா என்ற மூன்றையும் கேட்க வேண்டும். பழைய வான்வழிப் படங்களைத் தேடி எடுத்து, கடந்த பல பத்தாண்டுகளில் ஆறு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதைவிடத் தெளிவான சான்று இதில் கிடைப்பதில்லை.

11. எல்லாம் வெட்டி முடித்தபின் மொத்தமாகச் சீரமைத்தால் செலவு குறையுமே?

இயந்திரச் செலவு கொஞ்சம் குறையலாம். மண் கெட்டுவிடும், 6-ஆம் கேள்வியில் சொன்ன காரணங்களால் நீண்ட காலம் குவித்து வைத்த மேல்மண் தரம் இழக்கும். கட்டம் கட்டமாகச் செய்தால், இரண்டாம் கட்டத்தில் வழித்த மண்ணை நேராக முதல் கட்டத்தில் பரப்பிவிடலாம். முதல் கட்டத்தில் செய்த பிழையிலிருந்து கற்றுக்கொண்டு மூன்றாம் கட்டத்தைத் திருத்தவும் முடியும். ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை ஹெக்டேர் திறந்து கிடக்கலாம் என்ற எண்ணும், முந்திய கட்டம் எந்த நிலைக்கு வந்தபின் அடுத்த கட்டத்தைத் திறக்கலாம் என்ற விதியும் ஒப்புதலின் நிபந்தனையாகவே இருக்க வேண்டும்.

12. மரக்கன்று நட்டுப் படம் எடுத்து அனுப்பினால் போதாதா?

போதாது. நட்டது செலவுக் கணக்கு, பிழைத்ததுதான் சீரமைப்பு. கலிஃபோர்னிய விதிகள் செடிகள் நிலத்தை மூடியிருக்கும் பரப்பு, அடர்த்தி, இனவகை எண்ணிக்கை மூன்றையும் அளக்கச் சொல்கின்றன. பாசனம், உரம் போன்ற கைத்துணை இல்லாமல் இரண்டு ஆண்டுகள் அந்த அளவு நிற்க வேண்டும் என்கின்றன. பக்கத்தில் கெடாமல் இருக்கும் நிலத்தின் ஒரு துண்டை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில், சுரங்கம் முடிந்த நிலத்தில் தீவனமும் தாவரமும் வளரும் வகையில் புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாக்கச் சொன்னது. முதலில் மரம் என்று பலர் அவசரப்படும் இடத்தில், மண்ணைப் பிடித்து நிறுத்துவது புல் என்பதை இது சரியாகவே நினைவுபடுத்துகிறது.

13. பிணைத்தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? நிறுவனம் தன் சொந்த இயந்திரத்தில் மலிவாகச் செய்யுமே?

நிறுவனம் சீரமைக்காமல் போனால் பயன்படுத்துவதற்காக முன்கூட்டியே அரசிடம் உறுதி செய்து வைக்கும் பணம்தான் பிணைத்தொகை. நிறுவனம் செய்யும் என்றால் பிணையே தேவைப்படாது. நிறுவனம் இல்லாமல் போன நாளில் அரசு ஓர் ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டு வேலையை முடிக்க எவ்வளவு ஆகும் என்பதுதான் கேள்வி. ஆகவே வெளி ஒப்பந்ததாரரின் கூலி, இயந்திரத்தைக் கொண்டுவரும் செலவு, மேற்பார்வை, எதிர்பாராச் செலவு எல்லாம் சேர வேண்டும். அங்கே கிடக்கும் சலிப்பு இயந்திரத்தை விற்றுச் செலவைச் சரிக்கட்டலாம் என்று கழித்துக்கொள்ளும் கணக்கை நான் ஏற்பதில்லை. கடன் கொடுத்தவர்கள் அதை முதலில் எடுத்துப் போய்விடுவார்கள்.

எந்த ஆண்டில் மிக அதிக நிலம் திறந்து கிடக்குமோ, அந்த ஆண்டின் நிலையை வைத்துக் கணக்கிட வேண்டும். தொகையை ஆண்டுதோறும் திருத்தவும் வேண்டும். கலிஃபோர்னியாவில் இந்த ஆண்டுத் திருத்தம் கட்டாயம். இங்கிலாந்தில் நிலைப்பாடு வேறு: விதிவிலக்கான சூழலில் மட்டுமே பிணை கேட்க வேண்டும் என்பது அங்கே தேசியக் கொள்கை. என் அனுபவத்தில், பிணைக் கணக்கைக் கவனமாகப் போட்ட நிறுவனங்களே சீரமைப்பையும் நேரத்துக்குச் செய்கின்றன, ஏனெனில் கட்டம் முடிய முடியத் தொகை குறைகிறது.

14. நிறுவனமே காணாமல் போய்விட்டால்? சட்டம் வருவதற்கு முன்பே கைவிட்ட குழிகளை யார் பார்ப்பது?

பிணை இருந்தால் அரசு அதை எடுத்துக்கொண்டு வேலையைச் செய்யலாம். சட்டத்துக்கு முந்திய குழிகளுக்கு அந்த வழி இல்லை. ஒன்டாரியோ இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது: இப்போது நடக்கும் குவாரிகள் டன் கணக்கில் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதி ஓர் அறக்கட்டளை நிதிக்குப் போகிறது, 1997-இல் அமைக்கப்பட்ட ஒரு கழகம் அதை வைத்துக் கைவிடப்பட்ட பழைய குழிகளைச் சீரமைக்கிறது.

15. "தற்காலிகமாகத்தான் நிறுத்தியிருக்கிறோம்" என்று பத்து ஆண்டாகச் சொல்கிறார்கள். இதற்கு முடிவே இல்லையா?

சந்தை சரிந்தால் குவாரி நிற்பது இயல்பு. மூடல் கடமையைத் தள்ளிப்போட அதைச் சாக்காக்குவதும் நடக்கிறது: ஆண்டுக்குச் சில லாரி மட்டும் ஏற்றி, "இயங்குகிறது" என்று காட்டுவார்கள். கலிஃபோர்னியச் சட்டம் இதை எண்ணால் பிடிக்கிறது. உற்பத்தி கடந்த ஐந்து ஆண்டுகளின் உச்ச ஆண்டு அளவிலிருந்து 90 சதவீதத்துக்கு மேல் குறைந்து ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்தால், பின்னர் தொடரும் எண்ணம் இருந்தாலும், அது செயலற்ற குவாரி. அந்தக் காலத்துக்குத் தனியாக ஓர் இடைக்கால மேலாண்மைத் திட்டம் கொடுக்க வேண்டும். பிணையும் தொடர்ந்து உயிரோடு இருக்க வேண்டும். உங்கள் ஊர் விதியில் இப்படி ஓர் எண் இல்லையென்றால், ஒப்புதல் நிபந்தனையிலேயே அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

16. நிலம் என்னுடையது. குழியை அப்படியே விடுங்கள், தண்ணீர் தேக்கிக்கொள்கிறேன் என்று நான் எழுதிக் கொடுத்தால் நிறுவனத்தை விட்டுவிடுவார்களா?

உங்கள் கடிதம் மட்டும் போதாது. ஒப்புதல் பெற்ற திட்டம் நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையிலான கடமை. நிலத்தின் சரிவும் நீரும் உங்கள் வேலியோடு நின்றுவிடுவதில்லை. இறுதிப் பயனை மாற்ற வேண்டுமானால் நிறுவனம் திருத்தத் திட்டம் கொடுக்க வேண்டும். 9-ஆம் கேள்வியில் சொன்ன நீர்க் கணக்கும் பாதுகாப்பும் அதில் புதிதாகப் பார்க்கப்படும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கடிதத்தை நிறுவனமே தட்டச்சு செய்து கொண்டுவந்து கையெழுத்துக் கேட்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடுமுன், அந்தக் குழியில் நாளை யாராவது விழுந்தால் பொறுப்பு யாருடையது, கரை சரிந்தால் செலவு யாருடையது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

17. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசினால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு, பேசும் விதத்தைப் பொறுத்தது. "எங்களுக்குக் குவாரியே வேண்டாம்" என்பது நியாயமான உணர்வாக இருக்கலாம். ஆனால் சீரமைப்புத் திட்டத்தைப் பரிசீலிப்பவரின் கையில் அதற்கான அதிகாரம் பெரும்பாலும் இருப்பதில்லை. "கிழக்கு எல்லையிலிருந்து 60 மீட்டரில் என் கிணறு இருக்கிறது, நீர்மட்ட வரைபடத்தில் அதைக் காணோம்" என்ற ஒரு வரிக்கு நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டும். எந்த ஆண்டு வெள்ளம் எந்த மரம் வரை ஏறியது, எந்த மூலையில் கோடையிலும் ஈரம் காயாது என்பதெல்லாம் எந்தக் கணினி மாதிரியிலும் இல்லாத தகவல்கள். எழுத்தில், பக்க எண்ணையும் பட எண்ணையும் குறிப்பிட்டுக் கொடுங்கள்.

18. எல்லாம் முடிந்துவிட்டது, பிணையை விடுவியுங்கள் என்கிறார்கள். முடிந்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

மேலிருந்து பார்த்தால் பெரும்பாலும் எல்லாம் பச்சையாகவே தெரியும். டிரோன் அளவை எடுத்து இறுதிச் சமவுயரக் கோடுகளை ஒப்புதல் படத்தோடு ஒப்பிடுவது முதல் வேலை. அதில் சாய்வும் மட்டமும் தெரிந்துவிடும். மண் அதில் தெரியாது. அதற்கு மண்வெட்டியோடு போய் நான்கைந்து இடங்களில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். மேல்மண் கனம் திட்டத்தில் சொன்ன அளவு இருக்கிறதா? வேர் நேராகக் கீழே போகிறதா, அல்லது ஓர் ஆழத்தில் முட்டிக்கொண்டு பக்கவாட்டில் திரும்புகிறதா? சாம்பல் நிற மண்ணில் துரு நிறப் புள்ளிகள் இருந்தால் அங்கே நீர் தேங்கிக் காற்றில்லாமல் கிடக்கிறது. புல்டோசர் ஓடி இறுகிய அடுக்கு கீழே இருக்கக்கூடும். அப்படியானால் ஆழ உழுது தளர்த்தச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் மண் பரப்பி முடித்த நாளில் கணக்கு முடிவதில்லை. அதன்பின் வழக்கமாக ஐந்து ஆண்டுப் பின்பராமரிப்பு உண்டு. பிணையையும் ஒரே தவணையில் விடுவிக்காமல் வடிவமைப்பு, மண் பரப்பல், செடி நிலைபெறுதல் என்று வேலை முடிய முடியப் பகுதி பகுதியாக விடுவிப்பதே நல்லது. கடைசிப் பகுதிக்கான ஆய்வை, முடிந்தால், ஒரு பெருமழைக்கு அடுத்த வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சரிவில் புதிதாக அரித்த ஓடைகள், வடிகாலின் வாயில் படிந்த வண்டல், வயலில் நின்றுபோன நீர் எல்லாம் அப்போது கண்ணுக்குத் தெரியும்; கோடையில் போனால் அவற்றில் ஒன்றும் தெரியாது.